பத்து கேஜி சோபா

சத்தியமங்கலத்திலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தரகர் போன் செய்த அன்றுதான் எங்கள் வீட்டு ஹாலை நான் சரியாகப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே சுவர் ஈரம் கோத்து, உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. திரைச்சீலை எந்த நிறத்தில் வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. சோபா என்று ஒன்று இருந்தது. அதில் யார் உட்கார்ந்தாலும் மெல்ல இடது பக்கமாகச் சரிந்து, பேச்சு முடிவதற்குள் பக்கத்தில் இருப்பவரின் மடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. ஆனால் சம்பந்தம் பேச வருகிறவர்களை முதல் நாளே அப்படி நெருக்கமாக்க முடியாதில்லையா?

மகள் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டை அழகு செய்து தருகிற கம்பெனி ஆள் ஒருவரை அவள்தான் அழைத்து வந்தாள். அவர் ஒரு சிவப்பு விளக்கை அடித்துச் சுவரை அளந்தார். பிறகு கையிலிருந்த டேப்லெட்டில் எங்கள் ஹாலையே படமாகப் போட்டுக் காட்டினார். தொங்கும் விளக்கு, சாம்பல் நிறச் சோபா, ஜன்னலுக்கு வெளியே நீலமாகக் கடல். நாங்கள் இருப்பது சிங்காநல்லூரில். அந்த ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

கடைசியில் அவர் தொகையைச் சொன்னார். என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மிகப் பணிவாகக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, இது ஊட்டோட சேத்திச் சொல்றீங்களா?"

அந்தத் தம்பி காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்த கணவரின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அவர் பம்பு செட்டு செய்கிற கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே ரிப்பேர் ஆன எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். இரண்டாம் மாதம் ரிப்பேர் ஆகாதவற்றையும் கழற்றிப் பார்த்தார். அதற்கப்புறம் கை சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர்.

"ஏம்புள்ள, நானே பண்ணிப்போடறனே."

"எதைங்க?"

"ஹாலைத்தான். சோபா மொதக்கொண்டு."

"சோபாவுக்கு மரத்துக்கு எங்கீங்க போறது?"

அவர் விரலை மேலே காட்டினார். கடவுளைச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் காட்டியது மொட்டை மாடியை. அங்கே போர்வெல் மோட்டார் மாற்றியபோது மிஞ்சியது, குழாய் வேலை செய்தபோது மிஞ்சியது, பக்கத்து வீட்டில் மிஞ்சி இவர் கேட்டு வாங்கி வந்தது என்று பி.வி.சி. பைப்புகள் ஒரு சுவர் நீளத்துக்குக் கிடந்தன.

மறுநாளே வேலை ஆரம்பமானது. ரம்பம் பைப்பை அறுக்கிற கிரீச் சத்தத்தோடுதான் எங்கள் காலை விடிந்தது. ஒட்டுகிற பசையின் நெடி சமையலறை வரை வந்தது. ரசத்தில்கூட அந்த வாசனை இருப்பதாக மகள் சொன்னாள். வளைவுக்கு எல்போ, மூன்று பைப் சேருமிடத்துக்கு டீ, முனைக்கு மூடி என்று அவர் தரையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. இத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்தே வெகு நாளாகியிருந்தது. அதனால் வாயை அடக்கிக்கொண்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. திரைச்சீலைக்குத் துணி எடுக்க, வெளிநாட்டு ஆர்டரில் தங்கிப்போன துணியை எடை போட்டு விற்கும் கடைக்குப் போனேன். கிரீம் நிறத்தில், கனமாக, அருமையான துணி. விலை கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் தெரிந்தது, அது ஏதோ ஒரு நாட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை தைப்பதற்கான துணி என்று. மேல் மடிப்பைத் தாண்டினால் வரிசை வரிசையாக மஞ்சள் வாத்துகள். திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை. வாத்துகள் பின்பக்கம் போகும்படி மடித்துத் தைத்துவிட்டேன். ஹாலில் இருப்பவர்களுக்குக் கிரீம் நிறம், தெருவில் போகிறவர்களுக்கு வாத்து.

சோபாவின் எலும்புக்கூடு தயாரானதும் மகள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா, இது சோபாங்களா, பாத்ரூம் லைனுங்களா?"

"பெயிண்ட் அடிச்சா தெரியாது சாமி."

"வாடகைக்குச் சேர் எடுத்துக்கலாமுங்கப்பா. ஒரு நாளைக்குத்தானே."

"எடுத்த சேரத் திருப்பிக் குடுத்துப்போடணும் கண்ணு. இது நம்மளுது."

அவர் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, தேக்கு நிறத்தில் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் காய்வதற்குள் மகளின் சீப்பை எடுத்து நீளமாக இழுத்து மரத்தின் வரிகளையும் போட்டுவிட்டார். பழைய இலவம்பஞ்சு மெத்தையை வெட்டி, அடித்து, திண்டுகள் தைத்துக்கொண்டோம். தூரத்திலிருந்து பார்த்தால், நிஜமாகவே சொல்கிறேன், சோபாதான். கிட்டே போனால்தான் தேக்கு மரத்துக்கு எதற்கு முழங்கை என்று தோன்றும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நான்கு பேர் வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, பெரியப்பா. பையனின் அப்பா வாழைத் தோட்டக்காரர். மெலிந்த, அதிகம் பேசாத ஆள். பெரியப்பா அதற்கு நேர்மாறு. வாசல்படி ஏறும்போதே அவர் உடம்பைப் பார்த்து என் கணவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பெரியப்பா நேராக வந்து சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்தார்.

சோபா சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அப்புறம் அமைதியாகிவிட்டது. நான் மூச்சை விட்டேன்.

வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் முறுக்கும் வைத்தேன். மகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். மழை, வாழைத்தார் விலை, சத்தியமங்கலம் ரோட்டு நெரிசல் என்று பேச்சு ஓடியது. பெரியப்பா கையை சோபாவின் கைப்பிடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தேக்குங்களா?"

பொய் சொல்லி எங்கூட்டுக்காரருக்குப் பழக்கமில்லை. நான் கண் ஜாடை காட்டியதையும் அவர் கவனிக்கவில்லை.

"இல்லீங்க, பி.வி.சி. பைப்புங்க. நானே பண்ணுனது."

பெரியப்பாவின் கையிலிருந்த கச்சாயம் பாதி வழியில் நின்றது. "பைப்பா? தாங்குமுங்களா?"

"தாங்காம என்னங்க! பத்து கேஜி பைப்புங்க!"

பைப்பு வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், பத்து கேஜி என்பது அது தாங்குகிற தண்ணீர் அழுத்தத்தின் கணக்கு. நல்ல கெட்டியான ரகம். பெரியப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கேஜி என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் சடாரென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் காபி தளும்பியது. "நான் இங்கியே நின்னுக்கறனுங்க" என்று சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். நான் சமையலறைக்கு ஓடி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். அதையும் அவர் ஒரு கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், அதுவரை வாயே திறக்காத பையனின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, சோபாவுக்கு அடியில் தலையை விட்டார்.

"ஏனுங், இது ரெண்டரை இஞ்சுங்களா?"

"ரெண்டுங்க. நடுவுல மட்டும் ரெண்டரை."

"ரெண்டையும் சேக்க ரெடியூசர் போட்டிருக்கீங்க."

"ஆமாங்க!" கணவரும் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"இந்த மூலைல எல்போவுக்குப் பதிலா டீ போட்டு, பின்னால ஒரு முட்டுக் குடுத்திருந்தா, அண்ணன் உக்காந்தப்ப அந்தச் சத்தம் வந்திருக்காதுங்களே?"

என் கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.

"சித்தெ எந்திரிங்க," என்று பையனின் அம்மாவைப் பணிவாக எழுப்பினார்கள். திண்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டார்கள். சொட்டு நீர்ப் பாசனத்துக்குப் போட்டு மிஞ்சிய பைப் தன் தோட்டத்தில் மலைபோலக் கிடப்பதாக அவர் சொன்னார். அதைக் கேட்டு இவர், எத்தனை இஞ்சுப் பைப் என்று விசாரித்தார்.

பையனின் அம்மா நின்றபடியே சொன்னார். "ஏனுங்க, நாம பொண்ணு பாக்க வந்தமுங்க."

"பாத்தாச்சல்லங்க. நல்ல புள்ளை," என்று சோபாவுக்குள்ளிருந்து பதில் வந்தது.

பையனும் மகளும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பியிருந்தோம். அவர்கள் இறங்கி வந்தபோது ஹாலில் கண்ட காட்சி இது: ஸ்டூலில் விறைப்பாகப் பெரியப்பா, ஆளுக்கொரு திண்டைக் கட்டிக்கொண்டு நானும் பையனின் அம்மாவும், கவிழ்ந்த சோபா, அதன் கால்களுக்கு நடுவே இரண்டு வழுக்கைத் தலைகள். சோபாவின் சாய்மானப் பக்கத்துப் பெயிண்ட் சரியாகக் காயாமல், பையனின் அம்மாவுடைய வெளிர்நீலப் பட்டின் முதுகில் தேக்கு வரி அச்சாக விழுந்திருந்தது. அதை நான்தான் முதலில் பார்த்தேன். மெல்ல அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

போகும்போது பையனின் அப்பா சட்டைப் பையில் ஓர் எல்போவைப் போட்டுக்கொண்டு போனார். மாதிரிக்காம்.

அன்று சாயங்காலம் மகளிடம் கேட்டேன்.

"நல்ல பையன்தாம்மா. ஆனா கனடா போறதுல குறியா இருக்காரு. எனக்கு இந்த ஊர உட்டுப் போற எண்ணமே இல்ல. ரெண்டு பேரும் பேசி, வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். அவரும் சந்தோஷமாத்தான் இருந்தாரு."

"பட்டு பாழானதுதான் காரணமோன்னு நெனச்சேன்."

"அவங்க அதை இன்னும் பாத்திருக்கவே மாட்டாங்கம்மா."

எனக்கு மனசு கனத்தது. நல்ல குடும்பம் கை நழுவிவிட்டதே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கணவரும் சோர்ந்துதான் இருந்தார். அவர் வருத்தம் மாப்பிள்ளையைப் பற்றியதா என்பது எனக்குச் சந்தேகம்.

அடுத்த ஞாயிறு தரகர் போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் பேசுவதைப் போலப் பேசினார்.

"அம்மா, மனசைத் தேத்திக்கோங்க. அவிய ஜாதகம் ஒத்து வரலைன்னு சொல்லிப்போட்டாங்க. உங்க மூஞ்சில முழிக்கவே அவியளுக்குச் சங்கடமா இருக்குதாம். இனி நீங்களும் அவிய கூடப் பேச்சு வெச்சுக்க வேண்டாமுங்க. வேற நல்ல எடம் பாக்கறேன்."

"சரிங்க," என்றேன். வேறு என்ன சொல்வது? என் முகத்தில் விழிக்கச் சங்கடப்படுகிற பையனின் அப்பா அப்போது எங்கள் போர்ட்டிகோவில், என் கணவர் பைப்பைப் பிடித்துக்கொள்ள, ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். காலையில் முதல் பஸ்ஸிலேயே ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கியவர். இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டார். மூலையில் எல்போவை மாற்றி டீ போடாமல் அவருக்கு ஒரு வாரமாகத் தூக்கமே வரவில்லையாம்.

"அதென்ன அம்மா கர்ருகர்ருன்னு சத்தம்?" என்றார் தரகர்.

"ஊட்டுல வேலை நடக்குதுங்க," என்றேன்.

அதற்குப் பிறகு பையனின் அப்பா வருவதும் என் கணவர் போவதுமாக இருக்கிறது. தோட்டத்தில் பைப்பிலேயே ஆடுகளுக்குத் தீவனத் தொட்டி, கோழிக் கூண்டு, பாத்திரம் கவிழ்க்க ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாக முளைத்தன. பையன் கனடாவுக்கே போய்விட்டான். அவன் அம்மா எனக்கு அடிக்கடி போன் செய்வார். முதலில் பட்டுக்குப் பரிகாரமாக நான் ஒரு சீலை எடுத்துக் கொடுத்தேன். அவர் பதிலுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார். பிறகு இரண்டு பேருக்கும் இது கட்டுப்படியாகாது என்று தோன்றி, வெறும் போன் பேச்சோடு நிறுத்திக்கொண்டோம்.

போன மாதம் எங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பையனின் அம்மாவும் நானும் வாழைத்தோட்டத்து நிழலில், பைப் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் தள்ளி அவர்கள் இருவரும் ஒரு கட்டிலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவும் வந்திருந்தார். கயிற்றுக் கட்டிலைத் தேடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங் அம்மணி, இவியளுக்கு இந்தக் கிறுக்கு எப்பத்தானுங்க தீரும்?" என்று கேட்டார் பையனின் அம்மா.

"பைப்பு தீந்தா தீருமுங்க."

அவர் என் தோளைத் தொட்டுத் தோட்டத்தின் கோடியைக் காட்டினார். பம்பு ரூமுக்குப் பின்னால், கூரை உயரத்துக்குப் பைப் அடுக்கியிருந்தது. நாங்கள் எழுந்து இன்னொரு காபி போடுவதற்காக உள்ளே போனோம்.