பதினோராம் நம்பர் பூசணிக்காய்

எனக்குக் கோபம் முன்னால் வரும், புத்தி பின்னால் வரும். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் கணவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கும் எங்கள் தெருவுக்கு அது தெரிய ஒரு மாதம் ஆனது. மூன்றாவது வீட்டுப் பையன் தெருவில் நின்று எறிந்த அமெரிக்க ஃபுட்பால் நேராக வந்து என் கறிவேப்பிலைத் தொட்டியை உடைத்தது. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரிக்குத் தெரிந்த அத்தனை வசவையும் தமிழிலேயே கொட்டித் தீர்த்தேன். அவனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் ஓடாமல், தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை நின்று கேட்டான். மறுநாள் அவனும் அவன் அம்மாவும் புதுத் தொட்டியும் ஒரு மூட்டை மண்ணுமாக வந்தார்கள். அவனே மண்டியிட்டுச் செடியை நட்டான். இன்று காலை சட்னிக்குத் தாளித்தது அந்தச் செடியின் இலையைப் போட்டுத்தான்.

அவன் அம்மா பள்ளிக்கூட லைப்ரரியில் வேலை பார்ப்பவள். கணவர் கிடையாது. அம்மாவும் பிள்ளையும் மட்டும். தெருவில் பார்த்தால் கையசைத்துக்கொள்வதோடு எங்கள் பழக்கம் சில வருடம் நின்றிருந்தது. பிறகு ஒரு பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்க உறைந்து, கரண்ட் போனது. எங்கள் வீட்டில் அடுப்பு முதல் ஹீட்டர் வரை எல்லாமே கரண்ட். நானும் கணவரும் மகளும் ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளம் வரை போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்து கதவைத் தட்டினாள். அவள் வீட்டில் கேஸ் அடுப்பு, விறகு எரிக்கிற கணப்பு. "ஒண்ணும் பேசாதே, கிளம்பு" என்றாள். மூன்று நாள் அங்கே இருந்தோம். என் மகளுக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டு அந்தப் பையன் சமையலறைத் தரையில் படுத்தான். யாரும் சொல்லாமலே எங்கள் வீட்டுக்குத் திரும்பப் போய், கறிவேப்பிலைத் தொட்டியைத் தன் போர்வையில் சுற்றித் தூக்கி வந்து கணப்பின் பக்கத்தில் வைத்தான். அந்த மூன்று நாளுக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது. ரசம் வைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பையன்தான் வளர்ந்து எங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளி அணியின் குவார்ட்டர்பேக் ஆனான்.

இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று என் கணவர்தான் எனக்கு விளக்கினார். "கேப்டன், கீப்பர், ஓப்பனிங் பேட்ஸ்மேன், மூணும் ஒரே ஆளுன்னு வெச்சுக்கோ. பந்து ஒவ்வொரு தடவையும் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறியறதுன்னு மூணு செகண்ட்ல டிசைட் பண்ணணும். அதுக்குள்ள நாலு பேர் அவனக் கீழ தள்ள ஓடி வருவானுங்க."

"பெத்தவ எப்படிங்க உக்காந்து பாக்கறா?"

"அதான் அவ பாக்கறதே இல்லையே. கண்ண மூடிக்கறா."

பக்கத்து ஊர்ப் பள்ளிகள் எல்லாம் பெரிய பள்ளிகள். நன்றாக எறிகிற பையன் எங்கே இருந்தாலும் அவன் குடும்பம் அந்தப் பள்ளியின் எல்லைக்குள் ஒரு அபார்ட்மென்ட் பிடித்துக் குடியேறிவிடும். எங்கள் பள்ளிக்கு அப்படி யாரும் வருவதில்லை. லீக் முடிந்து நடக்கும் ப்ளேஆஃப் நாக்-அவுட் போட்டிகளுக்குத் தகுதி பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். இங்கே தலைகீழ். எங்கள் தெருவில் தவழ்ந்து, எங்கள் தெருவில் எறியக் கற்ற பையன் என்றதும் ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பல் டாக்டரின் ஜன்னலில் அவன் நம்பர் பதினொன்று. டயர் கடையில் பதினொன்று. இந்தியன் மளிகைக் கடையில் தேங்காய் மூட்டைகளுக்கு மேலே அவன் போஸ்டர். பெட்ரோல் போடப் போனால் முன்பின் தெரியாதவர்கள் அவன் தோளைத் தட்டி, "இந்த வருஷம் உன்னை நம்பித்தான் இருக்கோம்" என்றார்கள்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் 'எங்க தெருப் பையன்' என்று வாரம் ஒரு போட்டோ போட்டேன். 'கறிவேப்பிலைத் தொட்டியை உடைத்த அதே கை' என்று எழுதி அறுபது கட்டைவிரல் வாங்கினேன்.

நவம்பர் தொடக்கத்தில் கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் ப்ளேஆஃப். அதற்கு முந்தின மூன்று வாரத்தில் அவனுக்கு வரிசையாக வந்தது. முதலில் தோளில் வலி. அடுத்து நாலு நாள் காய்ச்சல். அதற்கடுத்து அவன் வண்டி ஃப்ரீவேயில் டயர் வெடித்து, நல்லவேளை, ஓரமாக நின்றது. டாக்டர்களும் மெக்கானிக்கும் தனித்தனியாக மூன்று காரணம் சொல்வார்கள். எனக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. ஒரு ஊரே கண்ணை அகல விரித்து ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்? அவன் தோற்றாலும் பரவாயில்லை, கை கால் முழுசாக வீட்டுக்கு வந்தால் போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது என்று முடிவு செய்தேன். இந்தியன் கடையில் வெள்ளைப் பூசணி பத்தை போட்டு பிளாஸ்டிக் சுற்றித்தான் கிடைத்தது. பத்தையை எப்படிச் சுற்றுவது? அப்போதுதான் என் வாசல்படியிலேயே இருந்த ஆரஞ்சுப் பூசணி கண்ணில் பட்டது. ஆட்டத்தை முன்னிட்டு அணிப் பெற்றோர்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டில் பெரிதாக 11. எனக்கு அது இன்னும் வசதியாகப் பட்டது. யாருக்காகச் சுற்றுகிறோம் என்பதில் சாமிக்குக் குழப்பமே இருக்காது.

வியாழக்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். நைட்டிக்கு மேல் கணவரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். பூசணியின் தலையில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமத்தைக் குழைத்துக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றினேன். மூன்று தெரு சேரும் முனையில் நின்று, அவன் வீட்டைப் பார்த்து வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்று. "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, எல்லாக் கண்ணும் கழியட்டும்" என்று சொல்லி ஓங்கிப் போட்டேன்.

உடையவில்லை. ஹாலோவீன் பூசணிக்குத் தோல் இவ்வளவு தடிமன் என்று யாருக்குத் தெரியும்? உருண்டு ஓடியது. துரத்திப் பிடித்து மறுபடி போட்டேன். விரிசல் மட்டும் விட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. திட்டிக்கொண்டே தலைக்கு மேல் தூக்கி மூன்றாம் முறை போட்டதில், 11 இரண்டாகப் பிளந்து சிவப்பாகச் சிதறியது. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டேன். மனசு லேசாக இருந்தது.

அரை மணி நேரத்தில் என் மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவள். கையில் போன். "அம்மா! வாட் டிட் யூ டூ? யூ ஸ்மேஷ்ட் ஹிஸ் பம்ப்கின்!"

முனை வீட்டு வாசல் கேமரா எல்லாவற்றையும் பிடித்திருந்தது. தெருக்காரர்களின் குரூப்பில் வீடியோ ஏறிவிட்டது. நானே பார்த்தாலும் நானே பயந்திருப்பேன். நைட்டி போட்ட ஒரு பெண், பையனின் நம்பர் போட்ட பூசணிக்குத் தீ வைத்து, துரத்தித் துரத்தி மூன்று முறை அடித்து உடைக்கிறாள், ரத்தமாகச் சிதறுகிறது. போதாததற்குச் சிவப்பு, மறுநாள் எதிர்த்து ஆடும் பள்ளியின் நிறம். 'யார் இந்தப் பெண்? அந்தப் பையன்மேல் இவ்வளவு வெறுப்பா?' என்று ஒருவர். 'பாவம் அவன் அம்மா' என்று இன்னொருவர்.

"ஏனுங்க, நான் போய் அவகிட்ட சொல்லிட்டு வந்துரட்டுமா?"

என் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு வேணாம். நாளைக்கு மேட்ச். அந்தப் பையன் நிம்மதியா இருக்கட்டும். நீ இதுக்கு மேல ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும்."

மறுநாள் எனக்கு ஒளிந்துகொள்ளவும் வழியில்லை. பேண்டில் பிள்ளை இருந்தால் பெற்றோர் முறை போட்டு மைதானத்தில் தின்பண்டக் கடையில் நிற்க வேண்டும். அன்றைக்கு என் முறை. நாச்சோஸ் தட்டில் சீஸ் ஊற்றிக்கொண்டு நின்றேன். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், தட்டை வாங்கினார்கள், போனார்கள். அவன் அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கடையிலிருந்து மைதானம் தெரியாது. ஸ்பீக்கர் சத்தம்தான். அவன் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கடைசி நிமிஷத்தில் நாலு பாயின்ட் பின்தங்கியிருந்தோம். அவன் எறிந்தான். ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக எழுந்த சத்தம் கேட்டது. பிறகு அத்தனை பேரும் ஒன்றாக அடங்கினார்கள். எதிரணிக்காரன் பந்தைப் பிடித்துவிட்டான் என்றது ஸ்பீக்கர். தோற்றுவிட்டோம்.

"அவனுக்கு அடி ஏதும் படலியே?" என்றுதான் பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கேட்டேன். இல்லை என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை அவன் அம்மா வந்தாள். உட்காரவில்லை. சமையலறையில் நின்றபடியே, "வீடியோ பாத்தேன். மூணு தடவை எறிஞ்சே. ஏன்?" என்றாள். நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். ஆனால் என் நினைவில் அது தமிழாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் என்று ஆரம்பித்தேன். ஒருவரையே எல்லாரும் பார்த்தால், ஆசையாகப் பார்த்தாலும்கூட, அந்தப் பார்வை ஒரு பாரமாகிவிடும் என்றேன். அந்தப் பாரத்தை இறக்கத்தான் பூசணி என்றேன். "அவன் ஜெயிக்கணும்னு பண்ணல. அவன முழுசா உங்கிட்ட திருப்பித் தரணும்னுதான் பண்ணேன். உன் பையன அவ்வளவு பேரும் பாத்துட்டே இருந்தாங்க. நானும்தான் போட்டோ போட்டுப் பீத்திக்கிட்டேன். என்ன மன்னிச்சிரு."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். "ஆகஸ்ட்லேர்ந்து அவன் சரியா சாப்பிடல. எங்க போனாலும் யாராவது அவன் தோளத் தட்டறாங்க. எல்லாரும் அன்பாத்தான் தட்டறாங்க. நான் யாரக் கோவிச்சுக்கறது? நான் மட்டும் என்ன? சாப்பாடு போடறப்பகூட அவன் தோளத்தான் பாத்தேன். முகத்தப் பாக்கவே இல்ல."

பெற்றவள் கண்தான் முதலில் படும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். நேற்று ராத்திரி தோற்று வீட்டுக்கு வந்ததும் அவன் இரண்டு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் எழுந்திருக்காமல் தூங்குகிறான் என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது.

அன்று மதியம் தெரு குரூப்பில் அவள் இரண்டே வரி எழுதினாள். 'அது என் சகோதரி. என் மகனுக்காகப் பிரார்த்தனை செய்தாள்.' அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் ஞாயிறு காலை என் வாசலில் ஐந்து பூசணிகள் இருந்தன. எல்லாவற்றிலும் 11. ஒன்றில் மட்டும் முனை வீட்டுக் கிழவர், கேமராக்காரர், ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். அடுத்த மாதம் தன் முழங்காலுக்கு ஆபரேஷனாம், தனக்கும் ஒன்று உடைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். ஒன்றை அவருக்காக உடைத்தேன். மீதி நாலையும் பொரியலாகவும் கூட்டாகவும் ஒரு வாரம் தின்றோம்.

அடுத்த ஆகஸ்டில் அவன் கல்லூரிக்குக் கிளம்பினான். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவனைக் கூப்பிடவில்லை. பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் ஒரு சின்னக் கல்லூரி. அங்கே அவன் மூன்றாவது குவார்ட்டர்பேக், பெஞ்சில்தான் உட்கார வேண்டும். வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளையைப் போல ஒரு தர்பூசணி.

"ஆகஸ்ட்ல பூசணி எங்கயும் கிடைக்கல. இது ஆகுமா?"

"தாராளமா ஆகும்" என்றேன். எந்தச் சாஸ்திரத்தில் என்று அவள் கேட்கவில்லை.

அவனை வண்டியோடு நிறுத்தி வைத்தோம். அவளே சுற்றினாள். நான் தமிழில் ஒவ்வொரு கண்ணாகச் சொல்லச் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். நாயும் நரியும் முடிந்ததும், நான் சொல்லிக்கொடுக்காமலே, "என் கண்ணும்" என்று சேர்த்துக்கொண்டாள். முனைக்குப் போய்ப் போட்டாள். முதல் எறியிலேயே சுக்குநூறாகிவிட்டது. அவன் ஜன்னலை இறக்கி, "ஆன்ட்டி, யுவர் த்ரோ நீட்ஸ் ஒர்க்" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிளம்பினான்.

வண்டி திருப்பத்தில் மறையும்வரை இருவரும் நின்றோம். அவள் தர்பூசணிச் சாறு பிசுபிசுத்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க அவன யாருக்குமே தெரியாது" என்றாள், ஏதோ பெரிய வரம் கிடைத்தவளைப் போல.