ஏரிக்கரையில் விரித்த துணி

டெலேசியா என் தம்பி பெண்டாட்டி. தம்பி என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. கலிபோர்னியாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான், ஒரு போன் கிடையாது. இரண்டு பையன்களையும் அவள்தான் எங்கள் தீவில், பாங்கோ பாங்கோ துறைமுகத்து மீன் ஆலையில் சூரை மீன் சுத்தம் பண்ணி வளர்த்தாள். அதே மேஜையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று நானும் மீன் அறுத்தேன். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. திட்டவும் உண்டு.

மூத்தவன் அப்பேலு, இளையவன் வில்லியாமு. ரெண்டும் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது, அப்படி ஒரு உருவம். எங்கள் தீவில் அப்படி வளர்ந்த பையன் பட்டாளத்துக்குப் போவான், இல்லையென்றால் மீன் ஆலைக்கு. அதிர்ஷ்டம் இருந்தால் ஃபுட்பால். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் முட்டித் தள்ளுகிற அமெரிக்க ஃபுட்பால். நன்றாக ஆடுகிற பையனைத் தேடி அமெரிக்கக் காலேஜ் கோச்சுகள் விமானம் ஏறி வருவார்கள். இலவசப் படிப்பு, சாப்பாடு, தங்க இடம், எல்லாம் தருகிறேன், பையனைக் கொடுங்கள் என்பார்கள். பெண் கேட்டு வருகிற மாதிரிதான். பையனிடம் பேச்சே கிடையாது, குடும்பத் தலைவரிடம்தான் பேச்சு. வருகிறவன் பாயில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், காலை நீட்டக்கூடாது, இலையில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும்.

வெயில் ஊர்க் காலேஜ்காரன் வந்தால் அவன் பாடு சுலபம். கடலைக் காட்டிப் பேசுவான், எங்கள் பிள்ளைகள் அங்கே ஏற்கெனவே நிறைய இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயில் இருக்கும். குளிர் ஊர்க்காரன் பாவம், படம் காட்டுவான். அந்தப் படத்தில் எல்லாம் புல் பச்சையாக இருக்கும், பிள்ளைகள் அரைக்கை சட்டை போட்டிருப்பார்கள். பனியைப் படம் எடுத்துக் கொண்டுவந்த கோச்சு ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை.

அப்பேலுவைக் கேட்டு வந்தவன் அப்படி ஒரு குளிர் ஊர்க்காரன். ஹால்வர்சன் என்று பெயர். கனடாவுக்குக் கிட்டே ஏதோ ஒரு சின்னக் காலேஜ். நல்ல மனுஷன்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். தேங்காய்ப்பால் ஊற்றிய சேம்பிலையை ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"எங்க ஊர்ப் பசங்க பாதி வருஷம் பனிக்குப் பயந்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடப்பாங்க. உங்க பசங்க கொட்டுற மழையில, கல்லு மைதானத்துல, வெறுங்காலோட ஆடுறாங்க. இந்த மாதிரிப் பிள்ளைங்களத்தான் நான் தேடி வந்தேன்" என்றான்.

குடும்பத் தலைவர் எங்கள் பெரியண்ணன். அவர் அப்பேலுவைப் பார்த்தார். அப்பேலு தரையைப் பார்த்தான். "பெரியப்பா சொன்னா போறேன்" என்றான். முடிந்தது. டெலேசியா கோச்சின் கழுத்தில் மாலை போட்டாள்.

போன புதிதில் போன் பண்ணுவான். "அத்தை, இங்க மூக்குக்குள்ள இருக்கிற மயிருகூட உறைஞ்சு போகுது" என்று சொல்லிச் சிரிப்பான். "ஏரி மேல நடக்கிறோம் அத்தை! மேல நடந்து போயி, ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறோம்" என்பான். "போடா புளுகா" என்பேன் நான். அவன் சொன்னது பொய்யில்லை, அந்தக் குளிரில் ஏரித் தண்ணீரே பாறை மாதிரி உறைந்துவிடுமாம். அந்தக் குளிரிலும் அவனுக்குப் பிடித்த இடம் அந்த ஏரிதான். எங்கள் ஊரில் கடல் வற்றும்போது பவளப்பாறை மேலே நெடுந்தூரம் நடந்துபோய் மீன் பிடிப்போம் இல்லையா, அந்த மாதிரி நினைத்துக்கொண்டான்.

அதுதான் அவனைக் கொன்றது. பாறையில் நடக்கிறவனுக்கு என்ன தெரியும்? மழை இல்லாமல் பளீரென்று வெயில் அடித்தால் அன்றைக்கு நடக்க நல்ல நாள். தண்ணீர் வந்தாலும் தூரத்து விளிம்பிலிருந்து வரும், கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மார்ச் மாதம் ஒரு நாள் அங்கே நல்ல வெயில் அடித்திருக்கிறது. வெயிலில் ஏரிப் பனிக்கட்டி இளகும் என்று தெரிந்த அந்த ஊர்ப் பிள்ளை எவனும் அன்றைக்கு ஏரியில் கால் வைக்க மாட்டான். எங்கள் பிள்ளை தூண்டிலை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இறங்கிப் போயிருக்கிறான். தண்ணீர் காலுக்கு அடியிலிருந்து வந்தது.

அவனைக் கூட்டிவர நானும் டெலேசியாவும் போனோம். பெட்டிக்குள் அவன் முகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்களில் தண்ணீரில் செத்தவனுக்கு உடம்பு மட்டும் வந்தால் போதாது. அவன் செத்த கரையில் துணி விரித்துக் காத்திருக்க வேண்டும். எறும்போ பூச்சியோ நண்டோ, உயிருள்ளது எது அதில் வந்து ஏறுகிறதோ அதுதான் அவன். உதறிவிட்டாலும் திரும்ப வந்து ஏறினால் சந்தேகமே இல்லை. அதை மடித்துக் கொண்டுவந்து உடம்போடு புதைத்தால்தான் வீடு அடங்கும். போதகரைக் கேட்டால் கண்ணை உருட்டுவார். அவருடைய அப்பா கடலில் போனபோது அவர் வீட்டிலும் துணி விரித்தார்கள், எனக்குத் தெரியாதா.

டெலேசியா மரப்பட்டைத் துணியைத் தன் பயணப் பெட்டியின் அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். ஏரிக்கரையில் பனியை விலக்கி விரித்தோம். உட்கார்ந்தோம். ஹால்வர்சன் கொஞ்சம் தள்ளி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நாங்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவன் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எனக்குக் கால் மரத்துப் போயிற்று. துணி மேல் பனி விழுந்தது, டெலேசியா தட்டிவிட்டாள், மறுபடி விழுந்தது.

"அண்ணி, ஒரு ஈகூட இல்லையே" என்றாள்.

"பொறுடி."

"ஒரு எறும்பு இல்ல. ஒண்ணுமே ஊரலையே அண்ணி. என்ன ஊரு இது? இங்க எதுல ஏறி வருவான் எம்புள்ள?"

விமானத்துக்கு நேரமாயிற்று என்று ஹால்வர்சன் மெதுவாக வந்து சொன்னான். வெறும் துணியை மடித்துக் கொண்டுவந்தோம். உடம்பை வீட்டு வாசலில் புதைத்தோம், சிமெண்டு பூசினோம், ஊரே வந்து பாடியது. டெலேசியா மட்டும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒருத்தன் வர வேண்டியிருக்கிற மாதிரி.

அப்புறம்தான் ஆரம்பித்தது. அப்பேலு முன்பு படுத்துவந்த பாய் காலையில் ஈரமாக இருக்கும். கூரை ஒழுகுது என்று நான் சொன்னேன். கூரையை மாற்றினோம், பாய் ஈரமாகத்தான் இருந்தது. டெலேசியா கம்பளி வாங்கிவந்து சமாதி மேல் போர்த்தினாள். எங்கள் ஊர் வெக்கையில்! பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். மீன் ஆலையில் உறைகிடங்கு என்று ஒன்று உண்டு, தண்டனை கொடுத்தால்கூட அங்கே போய் நிற்க ஆள் வராது. இவள் மேஸ்திரியிடம் தானாகக் கேட்டு அங்கே மாறிப் போனாள்.

"பைத்தியமாடி உனக்கு? விரலு விறைச்சு விழுந்துடும்" என்று கத்தினேன்.

"அவன் அங்க ஒத்தையில நடுங்கிட்டு இருக்கான் அண்ணி. கொஞ்ச நேரம் நானும் நடுங்குறேனே" என்றாள்.

அவளைத் தலை சரியில்லாதவள் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் அவள் வீட்டில் நான் தனியாகப் படுத்திருந்தேன். காற்று அசையாத புழுக்கம், உடம்பெல்லாம் வியர்வை. என் தலைமாட்டில் பல்லோடு பல் மோதுகிற சத்தம். கடகடவென்று, நிற்காமல். நான் எழுந்திருக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. "அப்பேலு, அத்தைடா" என்றேன். சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது. அன்றைக்குப் பிறகு நான் அவளைப் பைத்தியம் என்று சொன்னதில்லை.

ஆறு வருஷம் இப்படியே போயிற்று. வில்லியாமு வளர்ந்தான், அண்ணனைவிட ஒரு கை அகலம். ஹவாயிலிருந்து ஒரு காலேஜ் வந்து கேட்டது. வெயில், கடல், எங்கள் ஜனம், கோயில், எல்லாம் இருக்கிற இடம். பெரியண்ணன் பன்றி அடிக்கச் சொல்லிவிட்டார். அந்த வாரமே ஹால்வர்சனும் வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. சமாதி முன்னால் முழங்கால் போட்டுவிட்டு உள்ளே வந்து, வாசலுக்குப் பக்கத்தில், கடைசியில் உட்கார்ந்தான்.

"கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா கேக்காமப் போனா உங்க இன்னொரு பிள்ளைய நான் மதிக்கலைன்னு ஆயிடும்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "ஒருத்தனத் தின்னது போதாதா?" என்று கேட்டே விட்டேன். பெரியண்ணன் என்னை முறைத்தார்.

டெலேசியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, உங்க ஏரிக்கரையில எறும்பு, பூச்சி எல்லாம் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

அவன் விழித்தான். "பூச்சியா? ஜூன் மாசம் வரும்மா. அப்ப கரையில நிக்க முடியாது, அவ்வளவு வரும்."

வீட்டில் அவனைத் தவிர எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"வில்லியாமு இவரு கூடப் போகட்டும்" என்றாள் டெலேசியா.

"அடியே!" என்று நான் எழுந்துவிட்டேன். "செத்தவனக் கூட்டியார உசுரோட இருக்கிறவன அனுப்புவியாடி? நான் போறேன். ஜூன் மாசம் நான் போயி விரிக்கிறேன் துணிய!"

"நாம போனோமே அண்ணி. நமக்கு வரலையே. கூடப் பிறந்தவன் கூப்பிட்டா வருவான்."

பெரியண்ணன் வழக்கத்துக்கு மாறாகப் பையனிடமே கேட்டார். "ஹவாயா, அங்கயா? நீ சொல்லுடா." அவன் வாயிலிருந்து ஹவாய் என்று வராதா என்று நான் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். வில்லியாமு தரையைப் பார்த்தான். "அம்மா சொன்னா போறேன்" என்றான்.

மரப்பட்டைத் துணியையும் எடுத்துக்கொண்டு போனான். அந்தக் குளிர்காலம் முழுக்க டெலேசியா போனில் ஒரே கேள்விதான் கேட்பாள். "ஏரிப் பக்கம் போனியா?" அவன் "இல்லம்மா" என்பான். "குளிருதா?" என்றால், "இல்லம்மா." சாப்பிட்டியா என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றாது.

ஜூனில் ஒரு சாயங்காலம் போன் அடித்தது. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, துணிய விரிச்சுட்டேன்."

"வந்துச்சா? ஏதாவது ஏறுச்சா?"

"வந்துச்சும்மா. ஏரியிலேருந்து கிளம்பி வந்துச்சும்மா, ஈசல் மாதிரி. ஆயிரமோ, லட்சமோ. துணியே தெரியல. உதறிட்டேன், திரும்ப வந்து ஏறுது. மூணு தடவ உதறிட்டேன். இதுல எது அண்ணன்னு தெரியலையேம்மா."

டெலேசியா கண்ணை மூடிக்கொண்டாள். "எது நடுங்குதுன்னு பாரு."

அவன் துணியைக் கிட்டத்தில் இழுக்கிற சத்தம் கேட்டது. "எல்லாமே நடுங்குதும்மா."

"அப்ப எல்லாத்தையும் மடிச்சு எடுத்துக்க. ஒண்ணையும் விடாத." அவள் கைப்பிடியில் அந்தப் போன் உடைந்துவிடும் போல இருந்தது. "எடுத்துக்கிட்டு நீயும் வந்துடுடா. படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீயும் வந்துடு சாமி."

எனக்கு உயிர் வந்தது. இந்த வார்த்தை வருகிறதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்.

"நான் வரலம்மா" என்றான் வில்லியாமு. ஜென்மத்தில் முதல் தடவையாக அவன் அம்மாவுக்கு இல்லை என்று சொன்னான். "எனக்கு இங்க பழகிப்போச்சு. துணிய கோச்சுகிட்ட குடுத்து அனுப்புறேன். அவரு அடுத்த மாசம் அங்க பையன் பாக்க வர்றாரு."

ஹால்வர்சன் அதே மாதிரி வந்தான். மடித்துக் கட்டிய துணியை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து டெலேசியா மடியில் வைத்தான். உள்ளே என்ன என்று அவனுக்குத் தெரியாது. பிரிக்கக்கூடாது என்று பையன் சொன்னானாம், பிரிக்கவில்லை. உதிர்ந்த சருகு மாதிரி உள்ளே சரசரத்தது. அன்றைக்கே சமாதிப் பக்கத்தில் குழி தோண்டி வைத்தோம். மறுநாள் காலையில் நான்தான் முதலில் போய்ப் பாயைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அப்பேலு வந்து சேர்ந்துவிட்டான்.

ஹால்வர்சன் விடைபெற வந்தபோது டெலேசியா அவனுக்குச் சாப்பாடு போட்டாள். எதிரில் உட்கார்ந்து விசிறினாள். அவன் வில்லியாமுவைப் புகழ்ந்து தள்ளினான். என்ன பலம், என்ன அடக்கம், இரண்டு வருஷத்தில் பெரிய இடத்துக்குப் போய்விடுவான் என்றான்.

"ஐயா, அவன் குளிருதுன்னு சொல்றானா?" என்று கேட்டாள்.

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மா மனசு குளிரட்டும் என்று நினைத்தான் போல. "ஒரு தடவ கூட சொன்னதில்லம்மா. அவங்க அண்ணனும் அப்படித்தான், ஒரு தடவ கூட சொன்னதில்ல."

டெலேசியாவின் கையிலிருந்து விசிறி விழுந்தது. இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் நடுங்கிக் கிடந்தவனே இவனிடம் குளிருது என்று சொன்னதில்லை என்றால், வில்லியாமு போனில் சொன்ன 'இல்லம்மா'வுக்கு என்ன அர்த்தம்? அப்பேலு பெட்டியில் வந்தபோது அழாதவள், தரையில் விழுந்து "வில்லியாமு, வில்லியாமு" என்று அலறினாள். ஹால்வர்சன் சேம்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு, தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று என் முகத்தைப் பார்த்தான்.