கரையைத் தாண்டிய வெள்ளை நூல்

பிரெஞ்சு நாட்டில், தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் என் அம்மாவின் தையலில் குறை கண்டவர் எவரும் இல்லை. அங்கே ரூ காய் தெருவில் சேலை வாங்கும் பெண்கள், சாரிச் சட்டை தைக்க நேரே எங்கள் வீட்டுக்குத்தான் படியேறுவார்கள். ஒரு தையல் பிசகினாலும் அம்மா முழுவதையும் பிரித்துவிடுவார். அப்படிப்பட்டவரின் கண்ணில் என் கம்பளம் பட்டதுதான் வினை.

எனக்கு அப்போது பத்து வயது. அமெரிக்காவில் நவஹோ இனத்துப் பெண் ஒருத்தி நெய்த கம்பளத்தை ஆசிரியை வகுப்புக்குக் கொண்டுவந்திருந்தார். அதன் மூலையில் கறுப்புக் கரையை ஊடறுத்து ஒரு வெள்ளை நூல் விளிம்புவரை ஓடியது. நெய்பவளின் மனம் வேலைக்குள்ளேயே அடைபட்டுப் போகாமல், வெளியே வந்து அடுத்த வேலைக்குப் போவதற்காகச் சிலர் விடும் வழியாம் அது. நாங்களும் அட்டையில் நூல் கட்டி, கையகலத்தில் ஆளுக்கொன்று நெய்தோம். நான் சிவப்புக் கரை போட்டு, வெள்ளை நூலில் வழியும் விட்டேன். மறுநாள் பள்ளியில் கண்காட்சி. அதற்கு முன் அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நான் முகம் கழுவி வருவதற்குள் அம்மா காரியத்தை முடித்திருந்தார். வெள்ளை நூலை உருவிவிட்டு, அந்த இடத்தில் சிவப்பை ஊசியால் கோத்திருந்தார். எது என் நூல், எது அவருடையது என்று எனக்கே தெரியவில்லை.

“நூல் மாறிப் போட்டிட்டாய். அம்மா சரியாக்கிப் போட்டன்,” என்றார் பெருமையாக.

எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் நான் அன்று தமிழில் கத்தினேன். “ஐயோ, அதுதான் வழி! நான் அதுக்குள்ளையே மாட்டுப்பட்டுட்டன்!”

விக்கி விக்கிக் கதையைச் சொல்லி முடித்தேன். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மாவிடம், “அப்ப நீர் இவ்வளவு காலமும் எத்தினை சட்டைக்குள்ளை மாட்டுப்பட்டிருப்பீர்?” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. தையல் மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக, சரியாக இருந்த ஒன்றைப் பிரித்துப் பிழையாக்கினார். வெள்ளை நூல் விளிம்புக்கு வந்து சேர்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த வழியைக் காட்டிக்கொண்டு நின்றவரும் அம்மாதான். தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் அன்றே செலவழித்திருப்பார்.

அந்த வருடத் தீபாவளிக்கு எனக்குப் பச்சைப் பட்டில் பாவாடை தைத்துத் தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடுத்திக்கொண்டு சுழன்றபோதுதான் கண்டேன்: கரையைத் தாண்டி, விளிம்புவரை ஒரே ஒரு வெள்ளைத் தையல். அம்மாவுக்கும் கை பிசகுமா! சிநேகிதிகள் கண்டால் மானம் போய்விடும் என்று, கத்தரிக்கோலை எடுத்து நானே அதைப் பிரித்தெடுத்தேன்.

“அம்மா, சரியாக்கிப் போட்டன்,” என்றேன்.

அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அது அவர் தனக்காக விட்டிருந்த வழி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.