திரவியம் அண்ணாச்சியின் ஜோடி

சாலைக் கடைத்தெருவில் வெல்ல வியாபாரம் செய்கிறவர்களில் திரவியத்துக்கு ஒரு பேர் உண்டு. லாரி வந்து நின்றால் அவர் பில்லைக் கையில் வாங்க மாட்டார். தார்ப்பாயை விலக்கச் சொல்லி, மேலே கிடக்கும் மூட்டையை விட்டுவிட்டு, அடியில் ஒன்றை இழுத்து இறக்கி, ஓர் உருண்டையை உடைத்து நாக்கில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மேல் மூட்டை எல்லா லாரியிலும் நன்றாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. கோட்டாற்றிலிருந்து வந்து கடை போட்ட அவருடைய அப்பாவுக்கும் அதே கட்சிதான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு தடவை உடைத்துப் பார்க்காமல் எடுத்துவிட்டார். வெல்லமில்லை, ஆள்.

அவர் கடை இருக்கும் தெருவுக்கு ஒரு வியாபாரிகள் சங்கம் உண்டு. அங்கே தலைவரும் துணைத்தலைவரும் ஜோடியாகத்தான் தேர்தலில் நிற்க வேண்டும். ஓட்டுச் சீட்டில் இரண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள் இருக்கும், முத்திரை ஒன்றுதான். முன்னொரு சமயம் தலைவர் ஒரு கோஷ்டியும் துணை எதிர்க்கோஷ்டியுமாக ஜெயித்து வந்து, சங்கக் கட்டிடத்துக்கு வெள்ளையடிப்பதற்குக்கூட இருவரும் ஒத்துப்போகாததால் வந்த விதி அது. தலைவரால் முடியாமல் போனால் மீதிக் காலத்துக்குத் துணைதான் தலைவர். இந்த இரண்டாவது விதியை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. திரவியத்தின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகுதான் நினைத்தார்கள்.

போன தேர்தலில் ஜவுளிக்கடை சுனிலிடம் தோற்றிருந்தார். இந்தத் தடவை எப்படியும் அந்த நாற்காலி வேண்டும் என்று இருந்தது அவருக்கு. காரணம் லாரி. காலை எட்டு மணிக்கு மேல் தெருவுக்குள் லாரியே விடக்கூடாது என்று மாநகராட்சியில் ஒரு யோசனை வந்து, சங்கத்தின் பதிலைக் கேட்டிருந்தார்கள். சுனிலுக்கு அதில் சந்தோஷம். ஜவுளி வாங்க வருகிறவர்கள் தாராளமாக நடக்கலாம். மொத்த வியாபாரிகளுக்கோ சரக்கு இறக்கவே நேரம் இருக்காது. அந்தப் பதிலைச் சொல்லும்போது நாற்காலியில் தான் இருக்க வேண்டும் என்று திரவியம் நினைத்தார்.

"டாக்டரு மாடிப்படி ஏறாதேன்னு சொல்லியிருக்காரு. இவரு நாற்காலி ஏறப் போறாராம்," என்றாள் மனைவி சரஸ்வதியம்மாள். அதற்கு மேல் தடுக்கவில்லை.

துணைக்கு யார் என்பதுதான் கேள்வி. தெருவில் பாதிக் கடைகளுக்குக் கணக்கு எழுதும் சுந்தரராமன், கோட்டைக்குள் இருக்கும் தம் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும் ஆரம்பித்தார்.

"பினுவைப் போடுங்கோ அண்ணாச்சி. அவனும் ரெடிமேட் துணிக்கடைதானே, அந்தக் கடைக்காராளெல்லாம் அவன் பேச்சைக் கேப்பா. சுனிலோட கோட்டையிலேருந்து ஒரு கை அள்ளிண்டு வந்துடலாம்."

"பினு நல்ல பயதான். நான் பேசிட்டிருக்கும்போ போனைப் பாத்துட்டிருப்பான்."

"உங்களுக்கு வேண்டியது ஓட்டா, கதை கேக்க ஆளா?"

திரவியத்தின் கணக்கு வேறு. உள்சந்தில் பிளாஸ்டிக் வாளியும் குடமும் விற்கும் ரோஸை அவர் மனதில் வைத்திருந்தார். குளச்சலிலிருந்து வலியதுறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாயும் உண்டு, கணக்கும் உண்டு. ஆனால் சாலையில் அவளைப் பிரசித்தமாக்கியது அவள் கை. காலையில் முதல் வியாபாரம், போணி, ஆவதற்கு முன்னால் கடைக்குள் வந்து எதையும் கேட்கக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். கடன், நன்கொடை, கோயில் வரி, ஓட்டு, எதுவானாலும் சரி. போணி ஒரு நல்ல கையால் ஆகிவிட்டால் அன்றைக்கு வியாபாரம் இழுத்துக்கொண்டு போகும். ரோஸின் கை அப்படிப்பட்ட கை என்று தெரு முழுக்க நம்பிக்கை. காலையில் அவள் கடை திறக்கப் போகும்போது, "சேச்சி, ஒண்ணு வாங்கிட்டுப் போங்க" என்று நாலு கடையிலாவது கூப்பிடுவார்கள். அவளும் ஒரு தீப்பெட்டி, கொஞ்சம் கடுகு என்று வாங்கிக்கொண்டு போவாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போனால் விடிந்ததும் கடை கடையாக ஏறிவிடலாம். சுனில் ஆட்கள் போணிக்காக வெளியே காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"என்னை எதுக்கு அண்ணாச்சி?" என்று ரோஸ் கேட்டாள்.

"உனக்குக் கைராசி இருக்கு."

"அப்போ கையை மட்டும் அனுப்பினாப் போதுமா?"

திரவியம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

முதல் சில நாட்கள் அவர் கணக்குப்படியே போயிற்று. ரோஸ் முன்னால் ஏறி எதையாவது வாங்குவாள், கடைக்காரர் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போடுவார், அந்த மலர்ந்த முகத்திடம் திரவியம் ஓட்டுக் கேட்பார். எதிர்ச்சாரியில் காத்து நின்ற சுனிலே ஒருநாள், "அண்ணாச்சி, நல்ல ஜோடியாணல்லோ. எனக்குத் தோணாமப் போச்சே," என்று கூப்பிட்டுச் சொன்னார்.

பிறகு பருப்பு மொத்த வியாபாரி ராமசுப்ரமணியன் கடைக்குப் போனார்கள். திருநெல்வேலிக்காரர். மற்ற மொத்தக் கடைக்காரர்கள் அவர் தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள். ரோஸ் கால் கிலோ சிறுபயறு வாங்கினாள். ராமசுப்ரமணியன் சந்தோஷமாக, "லாரி விஷயத்துல நம்ம ஜோடி என்ன சொல்லுது?" என்றார்.

"பகல்ல லாரி வரும். விட்டுக்குடுக்கப் போறதில்ல," என்றார் திரவியம்.

"நீ என்னம்மா சொல்லுத?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ரோஸ் பயறுப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எங்க சந்து வாயில காலையில வந்து நிக்கிற லாரி சாயங்காலந்தான் போகுது. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு பொம்பள உள்ள வர முடியாது. பகல்ல லாரி வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்."

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

"திரவியம், உம்ம ஜோடி சுனிலுக்குல்லா ஓட்டுக் கேக்கு," என்றார் ராமசுப்ரமணியன்.

தெருவில் இறங்கியதும் திரவியம் தணிந்த குரலில், "நீ இப்படிச் சொல்லுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நீங்க கேக்கல்லியே அண்ணாச்சி."

சுந்தரராமன் அன்றைக்கே ஒரு வழி சொன்னார். ரோஸ் உள்சந்துகளுக்குப் போகட்டும், அண்ணாச்சி மொத்தக் கடைகளுக்குப் போகட்டும். "ரெண்டு பேரும் ரெண்டு திக்குல போனா ரெண்டு திக்கும் நம்மதுதானே?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சந்தில் பை தைக்கும் சஜின் ரோஸிடம், "சேச்சி, அண்ணாச்சி எவிடே? நோட்டீஸ்ல மட்டும்தானா சேர்ந்து நிப்பீங்க?" என்று கேட்டான். மொத்தக் கடைகளில், "அந்தம்மாவை எங்க ஒளிச்சு வச்சிருக்கீரு?" என்றார்கள். கூட நிற்கும்போது ரோஸ் என்ன சொன்னாள் என்று ஒரு கடைக்குத்தான் தெரியும். கூட இல்லாமல் போனதும் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அதைவிட ஒன்று நடந்தது. விடிந்ததும் ரோஸோடு கடை ஏறிப் பழகிய திரவியத்தின் கால், தனியாகவும் ஏறிவிட்டது. ஒரு மளிகைக் கடையில் நுழைந்து, கைகூப்பி, ஓட்டுக் கேட்டு முடித்த பிறகுதான் கடைக்காரர் முகம் கறுத்திருப்பதைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்னும் போணி ஆகல்ல."

வாழ்நாள் முழுக்க இந்தத் தெருவில் இருந்தவர். தன் கடைக்குள் அப்படி நுழைந்தவர்களைப் படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர். அவசரமாக ஒரு கிலோ சர்க்கரை வாங்கினார். அது உதவவில்லை. அன்றைக்கு மழை பிடித்து அந்தக் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. மத்தியானத்துக்குள் சேதி கிழக்கேகோட்டை வரை போயிற்று. சுனில் அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

சர்க்கரைப் பொட்டலத்தோடு கடையில் உட்கார்ந்திருந்த திரவியத்துக்கு ஒன்று பிடிபட்டது. துணை நாலு ஓட்டுக் கொண்டு வரும் என்று நாம் ஆள் பார்த்தோம். தெருவோ அந்த ஆளைப் பார்க்கவேயில்லை. ஆளைப் பிடித்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதற்காகப் பிடித்தான், பிடித்த பிறகு எப்படி வைத்திருக்கிறான் என்று. லாரியின் அடி மூட்டையை இழுப்பதுபோல அவர்கள் தன்னை இழுத்து உடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மழை விட்டதும் உள்சந்துக்கு நடந்தார். சந்து வாயில் ஒரு லாரி நின்றது. சுவருக்கும் லாரிக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழைந்து, நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு நகர்ந்தார். பாதி வழியில் தார்ப்பாய்க்குள்ளிருந்து வந்த வாசனை தெரிந்த வாசனையாக இருந்தது. அவருடைய வெல்லம்தான். அவர் கடை வாசலில் இடமில்லை என்று டிரைவர் இங்கே ஓரம் கட்டியிருந்தான்.

ரோஸ் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். திரவியம் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"இனி நீ சொல்லு. லாரி விஷயத்துல என்ன செய்யலாம்?"

"அண்ணாச்சிக்கு இறக்கி முடிக்க எத்தனை மணி ஆகணும்?"

"மூட்டை இறக்குத சுமட்டுக்காரங்க வந்து சேரணும். எட்டுக்குள்ள முடியாது. பத்தாகும்."

"பத்துக்கு முன்னால எங்க சந்துக்கும் ஆள் வராது. ஆனா சந்து வாயில எப்பவும் நிக்கக்கூடாது."

இரண்டு பேரும் வெகுநேரம் பேரம் பேசினார்கள். நடுவில் ஒரு தடவை திரவியம் எழுந்து போகப் பார்த்தார். ஒரு தடவை ரோஸ், "அப்போ பினுவையே போடுங்க" என்றாள். முடிவில் பத்து மணி என்று நின்றது.

தேர்தலுக்கு முந்தின கூட்டத்தில் இரண்டு ஜோடிகளும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். ராமசுப்ரமணியன் எழுந்தார்.

"திரவியம், தப்பா எடுத்துக்காதேயும். உமக்கு நெஞ்சுக்குச் சொகமில்ல. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா நாற்காலி யாருக்கு?"

சுந்தரராமன் முன்வரிசையிலிருந்து உதட்டை அசைத்துக் காட்டினார்: எனக்கு ஒண்ணும் ஆகாது என்று சொல்லுங்கோ.

திரவியம் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "ரோஸுக்குத்தான்," என்றார். "அவ சொல்லுத பதிலும் நான் சொல்லுத பதிலும் இப்போ ஒண்ணுதான். பத்து மணி வரை லாரி. அதுக்கப்புறம் கிடையாது. சந்து வாயில எப்பவும் கிடையாது. எனக்கு இதுல நஷ்டம் உண்டு. தெரிஞ்சுதான் சொல்லுகேன்."

பின்னால் சந்துக் கடைக்காரர்கள் கை தட்டினார்கள். முன்னால் மொத்த வியாபாரிகள் தட்டவில்லை.

தோற்றுத்தான் போனார். சந்துக் கடைகளின் ஓட்டு ஒன்றுவிடாமல் அவர்கள் ஜோடிக்கு விழுந்தது. ராமசுப்ரமணியனின் தலை ஆடாததால் மொத்தக் கடைகளில் பாதிப்பேர் ஓட்டுப் போடவே வரவில்லை. ஆனால் சுனில் எழுதி அனுப்பிய பதிலில் பத்து மணி என்றுதான் இருந்தது. சந்துகள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்ததை அவரும் பார்த்தார் அல்லவா.

"பினுவைப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்," என்று சுந்தரராமன் இப்போதும் சொல்கிறார்.

"ஜெயிச்சிருப்பேன்தான்," என்பார் திரவியம். "பதிலும் பழைய பதிலாத்தான் இருந்திருக்கும்." சொல்லிவிட்டு, அந்த நாற்காலியை நினைத்து ஒரு பெருமூச்சும் விடுவார். ஆசை போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

முடிவு வந்த மறுநாள் காலை ரோஸ் அவர் கடைக்கு வந்தாள். ஓர் உருண்டை வெல்லம் கேட்டாள். காசை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரவியம் சொன்னார்:

"அடுத்த தடவை உன் பேர் மேல, என் பேர் கீழ. சரியா?"

ரோஸ் வெல்லத்தின் ஓரத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள்.

"நான் நிக்கிறதா இருந்தா, துணைக்கு ஆள் நான்தானே பாக்கணும் அண்ணாச்சி? யோசிச்சுச் சொல்லுகேன்."