அண்ணனின் படையலில் வைத்த பாட்டில்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், படத்தைப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போய்விடாமல் இந்த ஒரு பக்கத்தையாவது படிக்கும்படி தங்கையாகிய நான் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் வாசித்துச் சொல்லுங்கள்.

அண்ணன் இந்த மராட்டி மண்ணில், கட்கித் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்தார். அவருக்குப் பதினேழு வயதில் அப்பா இறந்தார். அப்பாவைக் கொண்டுபோனது குடி. படிப்பை விட்டுப் போசரியில் லேத் வேலைக்குச் சேர்ந்த அண்ணன், கடைசிவரை ஒரு சொட்டும் தொடவில்லை. தீபாவளிக்கு நண்பர்கள் ஊற்றிக் கொடுத்தால் தன் அரை கிளாஸ் கட்டிங் டீயை உயர்த்திக் காட்டிச் சிரிப்பார். என்னைப் படிக்கவைத்து மகர்பட்டாவில் அலுவலக வேலைக்கு அனுப்பியவரும் அவரே.

சென்ற மழைக்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஃப்ளூ வந்தது. எங்களுக்குச் சரியானது. அண்ணனுக்கு ஐந்தாம் நாள் மேல்வயிற்றில் வலி பிடித்து முதுகு வரை பாய்ந்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. மருத்துவமனையில் கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். "தாரூ கித்னா பீத்தே ஹே?" என்பதுதான் முதல் கேள்வி. குடிப்பாரா என்றல்ல, எவ்வளவு குடிப்பார் என்று.

பார்க்க வந்த நம்மவர்கள் வராந்தாவிலேயே முடிவு கட்டிவிட்டார்கள்.

"அப்பன் ரத்தம் எங்க போவும்? வெளியில குடிச்சிருப்பான், இவளுங்களுக்குத் தெரியாது" என்றார் சித்தப்பா.

எல்லாப் பரிசோதனையும் முடிந்த பின் பெரிய டாக்டர் அண்ணியையும் என்னையும் அழைத்தார். பித்தப்பையில் கல் இல்லை, ரத்தத்தில் கொழுப்பும் அதிகமில்லை, ஃப்ளூ போன்ற வைரஸ் தொற்றையொட்டிக் கணையம் வீங்குவது அபூர்வமாக நடப்பதுண்டு, இவருக்கும் அதுவாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "இருக்கலாம்" என்ற சொல் உறவினர்களாகிய உங்களுக்குப் போதவில்லை. குடி என்பதற்கு மட்டும் யாருக்கும் உறுதி தேவைப்படவில்லை.

அண்ணன் பிழைக்கவில்லை. இறந்தவருக்குப் பிடித்ததைப் படையலில் வைப்பது நம் வழக்கம். பதினாறாம் நாள் அண்ணி டீயும், பன்னுக்குள் வடை வைத்த வடாபாவும் வைத்தார். சித்தப்பா இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்துப் படத்தின் முன் வைத்தார்.

"ஆத்மா ஏங்கக் கூடாதும்மா" என்றார்.

ஒருவரும் தடுக்கவில்லை. நான் எடுத்துப் போய்ச் சாக்கடையில் ஊற்றினேன். படித்த திமிர் என்று பேசினீர்கள்.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அண்ணிக்குப் பத்து நாள் டப்பாவில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு மராட்டி அம்மாவுக்கும் எங்கள் நன்றி. அவர் மட்டும்தான் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

உங்களை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. வராந்தாப் பேச்சு என் காதிலும் ஏறியது. அன்றே உள்ளே போய், "அண்ணா, உண்மையச் சொல்லு. எப்பவாச்சும் குடிச்சியா?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா பாப்பா?" என்றார் அண்ணன்.

மறுநாள் மூச்சு விடுவதற்காக அவர் வாயில் குழாய் வைத்தார்கள். அதன் பிறகு அவர் பேசவில்லை.

தெரியும், அண்ணா. கேட்கும்போதே தெரியும்.