சாணைக்கடை அண்ணனின் இரண்டு கைகள்

நாய்களுக்கு முடி வெட்டுவது என் தொழில். இன்று அவசரத்தில், குளிப்பாட்டாத நாயின் மண் படிந்த முடியில் மெஷினை ஓட்டிவிட்டேன். பிளேடு மழுங்கிவிட்டது. பாதி வெட்டிய நாயை அதன் ஓனரிடம் விட்டுவிட்டுப் பூந்தமல்லி சாணைக்கடைக்கு ஓடினேன்.

கடைக்கார அண்ணன் பிளேடைத் தீட்டி, எண்ணெய் விட்டு, மெஷினில் மாட்டித் தன் முன்கையிலேயே ஓட்டிப் பார்த்தார். கை வழுவழுவென்று ஆகிவிட்டது!

"சூப்பரா கீதும்மா. எந்த சலூன்?"

"சலூன் இல்லண்ணா. நாய்க்கு வெட்றது."

கையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்துவிட்டார்.

"சரி, இன்னொரு கையையும் வழிச்சு வுட்டுடு. ஒண்ணு மட்டும் இப்டி இருந்தா ஊட்ல இன்னான்னு சொல்றது?"

வழித்துவிட்டேன். இதுவரை என்னிடம் வந்தவர்களில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது அவர் மட்டும்தான்.

அப்படிச் சமர்த்தாக உட்காரும் நாய்க்குக் கொடுக்கும் பிஸ்கட் பையில் இருந்தது. நீங்களாக இருந்தால் கொடுத்திருப்பீர்களா?