எட்டுப் பேரின் சராசரி

சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் எங்கள் பக்கத்து வீட்டு நாகரத்தினம் மாமா தும்மினால் ஹவுரா பாலம் ரெண்டு அங்குலம் நகரும். அவர் நோட்டில் ஏறாமல் இந்த தேசத்தில் ஒரு வேகனும் உருண்டதில்லை. உத்தியோகம் என்னவோ, வந்து நிற்கிற கூட்ஸ் வண்டியின் ஓரமாக நடந்து வேகன் நம்பர்களைக் குறிப்பதுதான். பத்தொன்பது வருஷமாக அதே ஜல்லியில் நடை. மனைவி போன பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை, மகள் பூங்கோதை ஒன்பதாவதில் சயன்ஸ் படிப்பது.

எழுபத்து நாலில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கல்கத்தாவிலிருந்து ஒருத்தர் புத்தியை அளக்க வந்தார். தாளில் வயலின் படம் போட்டு, இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேள்வி. எங்கள் லைன் வீடுகளில் வயலினைக் கண்டவன் யார்? நானும் எங்கள் லைன் கூட்டாளிகள் ரெண்டு பேரும் கட்டத்துக்குக் கட்டம் மாடு வரைந்து வைத்தோம். ஆளுக்கொரு முட்டை. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் கணக்கு வந்தது. ஆபீசர் பிள்ளைகளின் சராசரி ஐம்பத்திரண்டு. மதராஸித் தொழிலாளர் பிள்ளைகள் எட்டுப் பேர், சராசரி முப்பத்து நாலு. இந்தக் கூட்டத்துக்குப் பிறவியிலேயே புத்தி மட்டு என்று கீழே முடிவு. ஆகவே எட்டுப் பேருக்கும் சயன்ஸ் கிடையாது. பையன்களுக்குத் தச்சு, பெண்களுக்குத் தையல். பூங்கோதை வாங்கியது எண்பத்தொன்று.

மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனார். அவருக்கு வங்காளம் தட்டுத்தடுமாறும் என்று என்னையும் கூட்டிப்போனார். யார்டில் ஒவ்வொரு வேகனாக எடைமேடையில் ஏற்றித்தான் எழுதுவோம், மொத்த வண்டியை வகுத்து எல்லா வேகன் மேலும் ஒரே எடையைப் போட்டால் என் வேலை போய்விடும் என்றார். ஹெட்மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எண்பத்தொன்று தற்செயலாக இருக்கும் என்றார். மாமா கெஞ்சியதில் எட்டுத் தாளையும் காட்டினார். தாளில் பெயர் கிடையாது, ரோல் நம்பர்தான். எனக்கு மூச்சு வந்தது.

மூணு முட்டையைத் தள்ளினால் ஐம்பத்து நாலு வருகிறதே, ஆபீசர் பிள்ளைகளைவிட ரெண்டு கூட என்று சொல்லச் சொன்னார் மாமா. சொன்னேன். அந்த மூன்றும் வெறும் விளையாட்டு என்பதற்கும் எனக்கு வங்காளம் தெரியும். அதைச் சொல்லவில்லை. ரிப்போர்ட் மேலே போயாச்சு என்று ஹெட்மாஸ்டர் தாள்களைக் கட்டி வைத்துவிட்டார்.

பூங்கோதை தையலுக்குப் போனாள். நான் பழைய சயன்ஸ் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் அவர்கள் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாமா அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"முட்டைத் தாள்ல இருந்தது உன் நோட்டு அட்டையில தினம் பார்க்கிற நம்பர்தானே கோபு, எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவேன்னு அன்னைக்கு வீடு வரைக்கும் மெதுவா நடந்தேன்."